குரலுக்கு ஏது கணக்கு?

எனக்கு ஒரு அண்ணன் உண்டு. பெரியம்மா மகன். பிறவியிலேயே பார்வை கிடையாது. தூத்துக்குடியில் பல வருஷம் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். செல்போன் வந்து பூத்தை மூடிய பிறகு வீட்டோடு இருக்கிறார். கிரிக்கெட் என்றால் உயிர். சிறுவயதில் அவர்தான் எனக்கு மைதானத்தைச் சொல்லிக் கொடுத்தவர். தரையில் தீக்குச்சிகளைப் பரப்பி வைப்பார். "இது ஸ்லிப், இது கல்லி, இது பாயிண்ட். இடது கை ஆட்டக்காரன் வந்தா எல்லாரும் இந்தப் பக்கம் மாறணும்" என்று ஒவ்வொன்றாக இடம் மாற்றுவார். கண் தெரிந்த எனக்கு, கண் தெரியாத அவர் சொல்லித்தான் மிட் ஆஃப் எங்கே, மிட் ஆன் எங்கே என்று தெரிந்தது.

அவருக்கு யார் சொன்னார்கள்? ரேடியோ சொன்னது. தமிழில் சொன்னது.

போன ஐ.பி.எல். சமயத்தில் ஊருக்குப் போயிருந்தேன். வீட்டில் பெரிய டி.வி. தமிழ் வர்ணனையோடு மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் சிரிக்கிறார். அவர் சிரித்து முடிப்பதற்குள் மூன்றாமவர் சினிமா வசனம் ஒன்றை எடுத்து விடுகிறார். பந்து எங்கே போனது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அண்ணன் என் பக்கம் திரும்பி, "ஏலே, என்னடா நடக்கு? ஃபோரா, அவுட்டா?" என்று கேட்டார்.

நாலு பேர் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை பேரையும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு தமிழ் ரசிகர் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருப்பவனிடம் கேட்கிறார். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "நம்ம சாத்தான்குளத்துக்காரர் இருந்திருந்தா இப்படிக் கேக்க வேண்டியிருக்காது."

அவர் சொன்னது அப்துல் ஜப்பாரை.

முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். அது அவர்கள் குற்றமில்லை. யார் குற்றம் என்பதைத்தான் இந்த வாரம் பேசப் போகிறேன்.

சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் 1939-ல் பிறந்தவர். அகில இந்திய வானொலியில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்த முன்னோடிகளில் ஒருவர். கூத்தபிரான், ராமமூர்த்தி என்று அந்த வரிசையில் இன்னும் சில பெயர்கள் உண்டு. ஆனால் பெயரோடு ஊரையும் சேர்த்துச் சொல்லி, தேரி மணலும் பனைமரமும் சூழ்ந்த ஒரு சிற்றூரைத் தமிழ்நாடு முழுக்கக் காதில் விழ வைத்தவர் ஜப்பார்தான்.

அவருடைய குரல் உருவான கதையில் கடலுக்குப் பங்கு உண்டு. எங்கள் கரைக்காரர்களுக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்ததே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே கப்பல் விடத்தான். தோணியில் சரக்கு போனது, ஆட்கள் போனார்கள், கடை வைத்தார்கள், திரும்பி வந்தார்கள். திரும்பிப் போகாமல் வந்துகொண்டே இருந்தது ஒன்றுதான், இலங்கை வானொலி. என் சிறுவயதில் எங்கள் தெருவில் சென்னை நிலையம் கரகரக்கும், கொழும்பு கணீரென்று கேட்கும். ஜப்பார் இளவயதில் அந்தக் கொழும்பிலேயே இருந்து, இலங்கை வானொலி நாடகங்களில் குரல் கொடுத்துப் பழகியவர். முகம் தெரியாமல், குரல் ஒன்றை மட்டும் வைத்து ஒரு ஆளைக் கண்முன் நிறுத்துகிற பயிற்சி அங்கே கிடைத்தது. பிற்பாடு ஒரு ஆளுக்குப் பதில் பதினோரு ஆட்களையும், அவர்களோடு ஒரு மைதானத்தையும் நிறுத்தினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ரேடியோ வர்ணனை எவ்வளவு கஷ்டமான காரியம் என்று யோசித்துப் பாருங்கள். வேகப்பந்து வீச்சாளர் ஒரு பந்தைப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்து, மறுபடி ஓடி வர அரை நிமிஷம் ஆகும். அதற்குள் போன பந்துக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். ஃபீல்டர் யாராவது இடம் மாறினால் அதைச் சொல்ல வேண்டும். ஸ்கோர் சொல்ல வேண்டும். இப்போதுதான் ரேடியோவைத் திருகியவர் ஒருத்தர் இருப்பாரே, அவருக்காக அந்த ஸ்கோரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் போகிறவர் கடையில் நின்று இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டுப் போவார். அந்த இரண்டு நிமிஷத்தில் அவருக்கு மேட்ச் புரிந்தாக வேண்டும். இதையெல்லாம் செய்துவிட்டு, பந்து வந்ததும் குரல் அதோடு சேர்ந்து ஓட வேண்டும். முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு.

இது ஆங்கிலத்தில் செய்தாலே கஷ்டம். தமிழில் இன்னும் கஷ்டம். ஏனென்றால் கிரிக்கெட்டின் சொற்கள் எல்லாம் வெளியூர்ச் சரக்கு. முழுக்க மொழிபெயர்த்தால் கேட்கிறவர் சிரிப்பார். அப்படியே வைத்துக்கொண்டால் தமிழ் எங்கே இருக்கிறது? தமிழில் கிரிக்கெட் சொல்ல வருமா என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் அந்தக் காலத்தில் நிறைய. சேப்பாக்கம் பெவிலியன் பக்கம் கிரிக்கெட் என்பது இங்கிலீஷில் ரசிக்க வேண்டிய சமாசாரம்.

ஜப்பாரும் அவரது சகாக்களும் இதற்கு விவாதம் நடத்திப் பதில் சொல்லவில்லை. மைக் முன்னால் உட்கார்ந்து செய்து காட்டினார்கள். ஸ்லிப் ஸ்லிப்பாகவே இருந்தது. ஆனால் வினைச்சொற்கள் தமிழாகிவிட்டன. பந்து எழும்பியது, திரும்பியது, தாழ்ந்தது, தப்பியது, உருண்டது. ஒரு மொழிக்கு உயிர் வினைச்சொல்லில்தான் இருக்கிறது. அது நம்முடையதாக இருந்தால் பெயர்ச்சொல் எந்த ஊரிலிருந்து வந்தாலும் பாதகமில்லை. இந்த எளிய உண்மையைத் தனித்தமிழ் அன்பர்களும் புரிந்துகொள்ளவில்லை, இன்றைய டி.வி. வர்ணனையாளர்களும் புரிந்துகொள்ளவில்லை.

இதனால் லாபம் யாருக்கு? உப்பளத்தில் வரப்பின் மேல் ட்ரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு வாருகிறவருக்கு. துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்குகிறவருக்கு. வலை பின்னுகிறவருக்கு. வீட்டில் டி.வி. இல்லாதவருக்கு, இங்கிலீஷ் தெரியாதவருக்கு. என் அண்ணனைப் போல, டி.வி. இருந்தாலும் பார்க்க முடியாதவருக்கு. கிரிக்கெட்டைக் கோட்டு போட்டவர்களின் ஆட்டமாக இல்லாமல் லுங்கி கட்டியவர்களின் ஆட்டமாகவும் ஆக்கியதில் கபில்தேவுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அவ்வளவு பங்கு இந்தக் குரல்களுக்கும் உண்டு.

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட். நான் பி.காம். மாணவன். ஜெயிக்க 271 வேண்டும். சச்சின் முதுகு வலியோடு 136 அடித்து, இன்னும் 17 ரன் இருக்கையில் அவுட். பாக்கிப் பேர் நாலே ரன்னில் மூட்டை கட்டினார்கள். 12 ரன்னில் தோல்வி. எங்கள் தெருவில் அப்போது கரண்ட் இல்லை. தையல் கடை ரேடியோவைச் சுற்றி முப்பது பேர். தோற்ற பிறகும் சேப்பாக்கம் ரசிகர்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டினார்கள் அல்லவா? நாங்கள் அதைப் பார்க்கவில்லை, கேட்டோம். தமிழில் கேட்டோம். அந்தத் தையல் கடையில் யார் முதலில் கை தட்டினார் என்று நினைவில்லை, ஆனால் தட்டினோம். அழுதுகொண்டே தட்டினோம். எதிரிக்குக் கை தட்டலாம் என்று முப்பது பேருக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு குரலால் முடியும். ரத்தக் கொதிப்பை ஏற்றவும் ஒரு குரலால் முடியும். இரண்டில் எது இப்போது விலை போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

சரி, கணக்குக்கு வருவோம். நான் காமர்ஸ் படித்தவன். எதையும் பேரேட்டில் எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும்.

வரவுப் பக்கம்: இருபது, முப்பது வருஷம் லட்சக்கணக்கான வீடுகளில் ஒலித்த குரல். அதனால் வானொலி நிலையத்துக்குச் சேர்ந்த நன்மதிப்பு. எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு 'குட்வில்' என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத சொத்து, ஆனால் சொத்துதான். கடையை விற்றால் அதற்கும் சேர்த்துத்தான் விலை பேசுவார்கள்.

செலவுப் பக்கம்: கூத்தபிரான் மாதிரி நிலையத்திலேயே வேலை பார்த்தவர்கள் சிலர் தவிர, வர்ணனையாளர் என்பவர் ஊழியர் அல்ல. போட்டிக்குப் போட்டி ஒப்பந்தம். கூப்பிட்டால் வர வேண்டும், கூப்பிடாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டும். மாதச் சம்பளம் இல்லை. அதனால் பென்ஷனும் இல்லை. குரல் நாட்டுக்குச் சொந்தம், தொண்டை மட்டும் அவருடைய சொந்தப் பொறுப்பு.

சரக்கிருப்பு? இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. பொது வானொலி தன் கிடங்கிலிருந்து பழைய சங்கீதக் கச்சேரிகளை எடுத்து, சுத்தம் செய்து, ஆல்பமாக வெளியிட்டது. நல்ல காரியம். கும்பிடுகிறேன். ஆனால் கச்சேரிக்குக் கிடைத்த அந்த மரியாதை வர்ணனைக்கு ஏன் இல்லை? ராகம் பாடினால் கலை, ஆட்டத்தைச் சொன்னால் வெறும் பேச்சா? அந்தக் காலத்தில் டேப் விலை அதிகம், அழித்துவிட்டு மறுபடி அதிலேயே பதிவது உலக வழக்கம், பி.பி.சி.யே தன் நிகழ்ச்சிகளை அப்படி அழித்திருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அழிந்ததற்கு நான் யார் சட்டையையும் பிடிக்கவில்லை. இருப்பது எது, அழிந்தது எது என்று ஒரு பட்டியலாவது போட்டுப் பொதுவில் வைக்கலாமே? எந்த மளிகைக் கடையிலும் மார்ச் 31-ல் ஸ்டாக் எடுக்கிறார்கள்.

அடுத்து, கௌரவம். இந்தி வர்ணனையாளர் ஜஸ்தேவ் சிங்குக்கு 1985-ல் பத்மஸ்ரீ, 2008-ல் பத்மபூஷண். இன்னொரு இந்தி வர்ணனையாளர் சுஷில் தோஷிக்கு 2016-ல் பத்மஸ்ரீ. இருவரும் தகுதியானவர்கள், சந்தேகமே வேண்டாம். விளையாட்டு வர்ணனை என்பது நாடு கௌரவிக்க வேண்டிய வேலை என்று டெல்லிக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஆனால் அது இந்தியில் நடந்தால்தான் தெரிகிறது. ஜப்பாருக்குப் பத்ம விருது எதுவும் வரவில்லை. டெல்லியைத் திட்டுவது சுலபம். அவருக்காக நாம் எத்தனை பேர் குரல் கொடுத்தோம்? சினிமா நடிகருக்கு விருது தள்ளிப் போனால் போஸ்டர் ஒட்டுகிற ஊர் இது.

இங்கிலாந்தில் ஜான் ஆர்லட் என்று ஒரு வர்ணனையாளர். முன்னாள் போலீஸ்காரர். ஹாம்ப்ஷயர் பக்கத்து உச்சரிப்பைக் கடைசி வரை மாற்றிக்கொள்ளாதவர். 1980-ல் லார்ட்ஸ் மைதானத்தில் கடைசியாக டெஸ்ட் வர்ணனை செய்தார். அவர் முடித்துக்கொண்டதை ஒலிபெருக்கியில் அறிவித்தபோது கூட்டம் மட்டுமல்ல, ஆடிக்கொண்டிருந்த வீரர்களும் நின்று கை தட்டினார்கள். ஆஸ்திரேலியாவில் ரிச்சி பெனோ 2015-ல் மறைந்தபோது அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்த அரசாங்கமே முன்வந்தது, குடும்பம்தான் வேண்டாம் என்றது. பெனோ கேப்டனாக இருந்தவர், சரி. ஆர்லட்? வெறும் குரல்தான்.

ஜப்பார் வெறும் கிரிக்கெட் குரலும் அல்ல. லண்டனிலிருந்து இயங்கிய ஐ.பி.சி. தமிழ் வானொலிக்காகப் பணியாற்றினார். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் பிரபாகரன் உலகப் பத்திரிகையாளர்களைச் சந்தித்தாரே, அங்கே போனவர்களில் அவரும் ஒருவர். அந்த அனுபவத்தை 'அழைத்தார் பிரபாகரன்' என்று புத்தகமாக எழுதினார். அரசியலில் உங்களுக்கு என்ன கருத்து இருந்தாலும் சரி, நடப்பதைப் போய்ப் பார்த்து வந்து சொல்வது என்ற அதே வேலையைத்தான் அவர் அங்கேயும் செய்தார்.

இப்போது எதிர்த்தரப்பு வாதங்களுக்கு வருகிறேன். இந்தப் பத்தியைப் படித்துவிட்டு எழுதப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில்.

"டி.வி. வேறு, ரேடியோ வேறு. படம் தெரியும்போது பந்து உருண்டது என்று எதற்குச் சொல்ல வேண்டும்?" நியாயம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படம் தெரிகிறது என்பதற்காகப் பேச்சைக் குறைத்திருந்தால் இந்த வாதத்தை மதிப்பேன். பெனோவின் பெருமையே படம் பேசும்போது அவர் பேசாமல் இருந்ததுதான். இங்கே குறையவில்லை, கூடியிருக்கிறது. சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில் மௌனமாக இருக்கலாம் என்ற யோசனையே யாருக்கும் வரவில்லை.

"இன்றைய ரசிகர்கள் ஜாலியைத்தான் விரும்புகிறார்கள்." எங்கே விரும்பினார்கள்? வேறு எதையாவது கொடுத்துப் பார்த்துவிட்டா இந்த முடிவுக்கு வந்தீர்கள்? 2017-ல் தமிழுக்கென்றே தனி விளையாட்டு சேனல் வந்தபோது நானும்தான் சந்தோஷப்பட்டேன். ஆட்டத்தை ஆடிப் பார்த்த முன்னாள் வீரர்கள் தமிழில் பேச வந்தார்கள். ஒரு சுழல் பந்து ஏன் திரும்பவில்லை என்று அவர்கள் விளக்குகிற அந்தப் பத்து நிமிஷம் தங்கம். ஜப்பார் தலைமுறையால்கூட அதைத் தர முடியாது. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்காக மூன்று மணி நேரக் கூச்சலைச் சகிக்க வேண்டியிருக்கிறது.

"பழசைப் புகழ்வது வயசான வியாதி." இருக்கலாம். நாற்பத்தைந்து தாண்டிவிட்டேன். ஆனால் நான் ரேடியோ காலம் திரும்பி வர வேண்டும் என்று கேட்கவில்லை. என் அண்ணனுக்கு ஃபோரா, அவுட்டா என்று தெரிய வேண்டும் என்று கேட்கிறேன். இது ஏக்கமில்லை. நுகர்வோர் புகார்.

2020-க்கு வருகிறேன். வராமல் முடிக்க முடியாது.

அந்த வருஷம் ஜூன் மாதம் சாத்தான்குளம் என்ற பெயர் இந்தியா முழுக்க ஒலித்தது. ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று அழைத்துச் செல்லப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் வதைபட்டு உயிரிழந்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் அப்துல் ஜப்பார் 81 வயதில் சென்னையில் மறைந்தார். ஜூனில் அந்த ஊர்ப் பெயரை உச்சரித்த நாடு டிசம்பரில் உச்சரிக்கவில்லை. பத்திரிகைகளில் சின்னச் செய்தி. பழைய நேயர்கள் சிலர் உருகி எழுதினார்கள். முடிந்தது.

இரண்டையும் ஒப்பிடவில்லை. ஒன்று அநியாயச் சாவு, மற்றது நிறைவாழ்வு. ஆனால் ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஒரு சிற்றூரை அதன் காயத்தால் மட்டும் தெரிந்துகொள்கிற பழக்கம் நமக்கு எப்படி வந்தது? தூத்துக்குடி என்றால் துப்பாக்கிச் சூடு, சாத்தான்குளம் என்றால் லாக்கப். அவற்றை மறக்கக் கூடாது, மறக்கவே கூடாது. ஆனால் அதே மண் ஒரு குரலையும் கொடுத்தது என்பதை ஏன் மறக்கிறோம்? ஒரு ஊரில் நடந்த கொடுமையோடு சேர்த்து அந்த ஊரின் பெருமையும் தெரிந்தால்தான், அங்கே இருப்பவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள் என்று உறைக்கும்.

கோபப்பட்டு மட்டும் பிரயோஜனமில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

ஒன்று: பொது வானொலி தன் தமிழ் நிலையங்களில் மிச்சமிருக்கும் விளையாட்டு வர்ணனை ஒலிப்பதிவுகளைப் பட்டியலிட்டு, யாரும் இலவசமாகக் கேட்கும்படி வைக்க வேண்டும். கால் மணி நேரம் தேறினாலும் சரி.

இரண்டு: வீடுகளில் கேசட் வைத்திருக்கும் நேயர்கள் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய பாட்டு கேசட்டின் பி சைடில் ஒரு டெஸ்ட் மேட்ச் இருக்கக்கூடும். ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் இதைத் திரட்டும் பொறுப்பை ஏற்க வேண்டும்.

மூன்று: தமிழில் ஆட்டத்தை ஒளிபரப்பும் நிறுவனங்கள் இன்று ஒரே மேட்ச்சுக்குப் பத்து மொழியில் ஒலி கொடுக்கின்றன. அதோடு இன்னொன்று, ரேடியோ பாணியில் பந்துக்குப் பந்து வர்ணிக்கும் தமிழ் ஒலி கொடுக்கட்டும். பார்வையற்றவர்களுக்கு உதவும். வண்டி ஓட்டுகிறவர்களுக்கும், கடை நடத்துகிறவர்களுக்கும் உதவும். இளைஞர்களுக்கு வேலையும் கிடைக்கும்.

நான்கு: தூத்துக்குடி மாவட்டத்தில் எத்தனையோ மண்டபம், எத்தனையோ வளைவு. ஒரு நூலக அறைக்காவது அவர் பெயர் வைக்கலாம்.

எங்கள் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்குப் பிறகு கடலில் முத்துச்சிப்பி அருகிப் போனது. பெயர் மட்டும் பாக்கி. ஆனால் அன்று எடுத்த முத்துக்கள் யார் கழுத்திலோ, எந்தப் பெட்டியிலோ இன்றும் இருக்கின்றன. யாராவது கழுவித் துடைத்துப் பத்திரமாக வைத்தார்கள், அதனால் இருக்கின்றன. குரலை அப்படி வைக்க நமக்குத் தோன்றவில்லை.

ஊரிலிருந்து கிளம்பும்போது அண்ணன் டி.வி.யை அணைக்கச் சொன்னார். "நீ சொல்லுடா, எப்படி அவுட் ஆனான்?" என்றார். நான் சொல்ல ஆரம்பித்தேன். ஸ்டம்ப், கீப்பர், எட்ஜ் என்று உளறினேன். பந்து எந்தப் பக்கம் போனது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"விடு. அது எல்லாருக்கும் வராது" என்றார்.